பதினைந்தாவது இலக்கம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் உருவாகும் ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்திப் பாருங்கள், திரையில் தெரியும். முதல் 14 இலக்கங்களே அடையாளம். கடைசி இலக்கம் காவற்காரன்!

இடமிருந்து 2, 4, 6 என 14 வரையுள்ள இடங்களின் இலக்கங்களை இரட்டியுங்கள். 14 என்று வந்தால் 1+4=5 எனக் கொள்க. பிறகு எல்லாவற்றையும் கூட்டினால், தொகை 10-ஆல் மீதியின்றி வகுபடும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கோரிய முறை இது.

ஏன் இரட்டிக்க வேண்டும்? வெறுமனே கூட்டினால் 47-ஐ 74 என்று மாற்றி எழுதினாலும் தொகை மாறாதன்றோ? இரண்டாவதை இரட்டித்தால் முன்னது 4+5=9, பின்னது 7+8=15. குட்டு வெளிப்பட்டுவிடும். (09, 90 மட்டும் தப்பிவிடும், ஏனென்று நீங்களே கண்டுபிடியுங்கள்.)

தொலைந்த செல்போனை முடக்க இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஓர் இலக்கம் பிசகினால் வேறொருவர் செல்போனுக்கல்லவா ஆபத்து! ஆனால் கணக்குத் தெரிந்தவர் போலி எண்ணையும் இதில் தேறவைக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் கல்லூரிக்கு வரும் பலருக்கு வகுபடும் விதிகள் மனப்பாடம், எதற்கென்றுதான் தெரியாது. ஒரகடம் சாலையில் தினமும் தொழிற்சாலைப் பேருந்துகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அந்த விதிகளை நடத்தும் அன்றே வீட்டுச் செல்போனின் எண்ணைச் சோதிக்கச் சொல்லலாமே!