வாயை மட்டும் அசைங்க

"அங்கிள், நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்."

செங்கல்பட்டில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான் லீடராக இருந்தபோது சொன்னது இது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். ஆண்கள் வரிசையில் கடைசியில் நிற்பார். சுருதிக்கு அரைக் கட்டை கீழேதான் பாடுவார். ஆனால் முழுத் தொண்டையில் பாடுவார். நான் சொன்னதற்கு, "சரி தம்பி" என்றார். அந்த வருஷம் குழு பிரமாதம்னு எல்லோரும் கை குலுக்கினார்கள். ஜனவரியிலிருந்து அவர் பயிற்சிக்கு வரவில்லை.

அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று. இங்கே எழுதுவது என்னையும் சேர்த்து, முன்னால் நின்று பாட்டை நடத்துகிற எல்லோர் மீதுமான குற்றச்சாட்டு. ஊர் கூடிப் பாடுவது குறைந்துபோனதற்கு சினிமாவையும் செல்போனையும் கைகாட்டித் தப்பித்துக்கொள்கிறோம். ஜனங்களின் வாயை மூடியதில் பெரும்பங்கு நம்முடையது.

எப்படி மூடினோம்? முதலில் மைக்கால். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனையின் கட்டுமானத்தைப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையிலிருந்து எடுத்துக்கொண்ட வடிவம் அது. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வருகிறது. சரணம் தெரியாதவரும், எழுத்தே தெரியாதவரும் அந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம். இன்று ஆலயத்தில் நாலு பேர் கையில் நாலு மைக், பக்கத்தில் ட்ரம்ஸ், ரெண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். பெஞ்சில் இருப்பவருக்குத் தன் குரலே கேட்காது. தன் குரல் கேட்காதவர் மூன்றாவது வரியில் நிறுத்திவிடுவார். அப்புறம் அவர் பார்வையாளர்.

இது தேவாலயத்தில் மட்டும் நடப்பதல்ல. மார்கழி விடியலில் தெருத்தெருவாகப் போன பஜனை கோஷ்டியின் இடத்தில், பல ஊர்களில் இப்போது கோயில் ஸ்பீக்கர் பாடுகிறது. திருப்பாவை சுத்தமாக, பிசிறில்லாமல் ஒலிக்கிறது. பாட ஆள் இல்லை.

அடுத்தது சுருதி. இதை வெளியே யாரும் பேசுவதில்லை. பயிற்சி பெற்ற ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடும். பெண் குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும். இருவரும் கலந்து நிற்கிற கூட்டத்துக்கு இரண்டுமே முழுசாகப் பொருந்தாது. லீடர் என்ன செய்கிறார்? தன் குரல் எங்கே மினுக்குமோ அங்கே பாட்டை ஆரம்பிக்கிறார். நானும் செய்திருக்கிறேன். அனுபல்லவி மேல் ஸட்ஜத்தைத் தாண்டியதும் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பாட வராது என்று நாம் முடிவு கட்டுவோம். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அழுத்தி ஒரு கட்டை இறக்கியிருந்தால் பாடியிருப்பார்கள்.

"எனக்குப் பாட வராது" என்ற வாக்கியத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பாட்டு என்றால் நடுவர், மார்க், வெளியேற்றம். பாடுவது எல்லோருக்கும் உரியது, திறமையாகப் பாடுவது சிலருக்கு வாய்ப்பது என்ற சாதாரண வித்தியாசம்கூட அழிந்துவிட்டது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரையில் இதற்குப் பதில் இருக்கிறது. கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பார்கள். உன் குரல் எப்படி என்று அங்கே யார் கேட்பார்? கயிற்றில் கை இருந்தால் பாட்டில் குரலும் இருக்கும். எடுத்துக்கொடுப்பவரின் வேலை எல்லோரையும் ஒரே நேரத்தில் இழுக்க வைப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் போட்டும் என்ஜினும் பெருகின. உடல் நோகும் அந்த உழைப்பு குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் லீடர் என்றால் யார் என்று எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்பாதான்.

மாசி மகத்துக்கு இதே மணலுக்கு வட மாவட்டங்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறார்கள். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். மணலில் படி அமைத்துக் கன்னியம்மனை அழைக்கிறார்கள். விடிந்தால் அலையோரத்திலேயே கல்யாணம். இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும். யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று அங்கே பிரிக்க முடியாது. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற மாசி சடையனும் வடிவேல் கோபாலும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். பாம்பு பிடிக்கும் அறிவை நாடு இப்போதுதான் மதிக்கிறது. அடுத்து யாராவது ஒரு புண்ணியவான் அவர்கள் பாட்டைக் 'கண்டுபிடித்து', பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, இதே ஊரில் வருஷாவருஷம் நடக்கும் நாட்டிய விழா மேடையில் ஏற்றுவார். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பத்துப் பேர் கலைஞர்களாவார்கள், மீதிப் பேர் ரசிகர்களாவார்கள்.

"அப்போ தரம் வேண்டாமா? கேட்கச் சகிக்க வேணாமா?" என்று குழுவில் ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி.

எம்.பி. சீனிவாசனைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் இசைக்குழுவைக் கட்டினார். மேடைப் பாடகர்கள் அல்லாதவர்களை வைத்து, பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாட வைத்தார். அவர்தான் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும். இந்த இரண்டு வேலையையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன். தனியாக நின்றால் எடுபடாத குரல்களை ஒன்றாக நிறுத்தி எடுபட வைப்பது. அடுக்குப் பிரித்துப் பாடும்போது தாழ்ந்த குரலுக்கும் ஒரு வரி கிடைக்கிறது. என் பெரியவரின் கீழ்க் குரலுக்கு ஒரு கீழ் வரி எழுத எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆகவே அவரை ஊமையாக்கினேன். தரம் என்று நான் சொன்னது என் சோம்பேறித்தனத்தை.

எஸ்தோனியாவில் 1869இல் ஒரு பாடல் விழா தொடங்கியது. 1988இல் அந்த மக்கள் தாலின் நகரத் திடலில் இரவிரவாகக் கூடிப் பாடினார்கள்; 1991இல் சோவியத்திலிருந்து விடுபட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஆடிஷன் வைத்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

போன டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு நாங்கள் மைக் எடுத்துப் போகவில்லை. ஒரு தபேலா, ஒரு டம்பரின். சுருதியை ஒரு கட்டை இறக்கினோம். நான் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். சில வீடுகளில் வாசலில் நின்று கேட்டவர்களும் பல்லவியில் சேர்ந்துகொண்டார்கள். பிசிறு இருந்தது, நிறையவே.

அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போனோம். கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "அங்கிள், பல்லவியை நீங்க எடுத்துக் குடுங்க" என்றேன்.

சிரித்தார். "வேணாம் தம்பி. நீங்க பாடுங்க, நான் கேட்கிறேன்."

பாடினோம். டார்ச் வெளிச்சத்தில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரை அது அசையவில்லை.