சொல்லில் என்ன இருக்கிறது? ராயபுரத்தில் கேளுங்கள்

"டெண்டர்னா என்ன, காண்ட்ராக்ட்னா என்ன, அவுட்சோர்சிங்னா என்ன? எல்லாம் ஒன்னுதான். தெரு சுத்தமா இருக்கா, அத மட்டும் பாருங்க சார்." ராயபுரத்தில் அண்மையில் நடந்த ஒரு குடியிருப்போர் கூட்டத்தில், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன அறிவுரை இது. அரசு ஒப்பந்த ஆவணங்களில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், எல்லாத் துறைகளும் அதையே எழுத வேண்டும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை; கூட்டமே அவர் பக்கம் தலையாட்டியது. அவருடைய ஆணையில் 'ஓய்வூதியம்' என்ற இடத்தில் 'மாதாந்திர அன்பளிப்பு' என்று டைப் அடித்துக் கொடுத்திருந்தால், எல்லாம் ஒன்றுதான் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பாரா?

சொல் என்பது குமாஸ்தா சமாச்சாரம் என்ற நம்பிக்கை டீக்கடையில் இருந்து மாமன்றம் வரை பரவிக் கிடக்கிறது. நம்புகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுடைய வேலைக்கான சொல் அரசாணையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அடுத்தவன் வேலைக்கான சொல்தான் அவர்களுக்கு அற்பமாகத் தெரிகிறது.

சென்னை மாநகராட்சியின் 5-வது மண்டலம், ராயபுரம். அங்கே விடிவதற்கு முன்னால் தெரு கூட்டும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கோப்பில் அவர் சுய உதவிக் குழு உறுப்பினர். பத்திரிகைச் செய்தியில் தற்காலிகப் பணியாளர். கொரோனா காலத்து மேடைகளில் முன்களப் பணியாளர். டெண்டர் முடிவானதும் தனியார் நிறுவனத்தின் ஆள். துடைப்பம் மாறவில்லை, தெரு மாறவில்லை, பெயர் மட்டும் நாலு. இந்த நாலில் எந்தப் பெயருக்குச் சம்பள உயர்வு உண்டு, எந்தப் பெயருக்கு வைப்பு நிதி உண்டு, எந்தப் பெயருக்குப் பத்து வருட உழைப்பு கணக்கில் ஏறும்? சொல்லில் ஒன்றுமில்லை என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தெரு சுத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

2025-ல் அந்த மண்டலத்தையும் பக்கத்துத் திரு.வி.க. நகர் மண்டலத்தையும் தூய்மைப் பணிக்காகத் தனியாரிடம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி தொடங்கி 13 நாள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். "யாருக்கும் வேலை போகாது, கம்பெனியில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம். அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் யாரிடம் வேலை பார்த்தோம் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு ஒரு வரிப் பதில் எந்த ஆவணத்திலாவது இருந்திருந்தால் அந்த 13 நாள் தேவைப்பட்டிருக்காது. ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. மறுநாளே அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவுத் திட்டம் அறிவித்தது. இட்லி கொடுக்க முடிகிறது, முதலாளி யார் என்று எழுதிக் கொடுக்க முடியவில்லை. உயர் நீதிமன்றமும் தனியாரிடம் கொடுத்த மாநகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்து, கடைசியாக வாங்கிய ஊதியத்தைக் காப்பாற்றச் சொன்னதோடு நின்றது.

இத்தனை துறை, இத்தனை ஆவணம், சொற்களைச் சீராக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. 2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்களே, எந்த நடைமுறை குறுக்கே நின்றது? செலவில்லாத சொல் ஒரே அறிவிப்பில் மாறிவிடுகிறது. செலவு வைக்கும் சொல் வரும்போதுதான் கோப்புக்குக் கால் வலிக்கிறது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. டெண்டர் கோரும் அதிகாரி யார், ஏற்கும் அதிகாரி யார், டெண்டர் ஆவணம் என்றால் என்ன என்றெல்லாம் அது வரையறுத்து வைத்திருக்கிறது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சொல் துல்லியம். கூட்டுகிறவருக்கு மட்டும் 'அதெல்லாம் ஒன்றுதான்'. 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 'முதன்மை வேலையளிப்பவர்' என்று ஒரு சொல் இருந்தது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் அந்த முதன்மை வேலையளிப்பவர்தான் கொடுத்தாக வேண்டும் என்று அது சொன்னது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை. 2001-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறையைத் தடை செய்தாலே தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார், ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும் என்றது. எதைக் காட்டி நிரூபிப்பது? இந்த ஆவணங்களில் எழுதிய சொற்களை வைத்துத்தானே! ராயபுரத்துப் பெண் நாலு பெயரோடு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன?

உலக வங்கி கடன் கொடுக்கும் வேலை என்றால் ஆவணத்தின் வரையறைகளில் ஒரு சொல்லைத் தொட நம் அதிகாரிகளுக்குக் கை நடுங்கும். கடன்காரனுக்குக் காட்டும் மரியாதை குப்பை அள்ளுகிறவருக்குக் கிடையாது.

எண்ணூரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 செப்டம்பர் 30 அன்று அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள், அசாமில் இருந்து பிழைக்க வந்தவர்கள். மின் வாரியத்தின் திட்டம், பெல் நிறுவனத்தின் ஒப்பந்தம், அதற்குக் கீழே துணை ஒப்பந்தம். இப்படிப் படிப்படியாக இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் பொறுப்பு கொஞ்சம் கரைகிறது. 'சப் காண்ட்ராக்ட்' என்ற சொல்லுக்கு எண்ணூர் முதல் மணலி வரை நடைமுறையில் ஒரே பொருள்தான்: எங்களைக் கேட்காதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பதற்கும் இப்படித்தான். துறைமுகத்தைக் கேட்டால் போலீஸ், போலீஸைக் கேட்டால் நெடுஞ்சாலை, நெடுஞ்சாலையைக் கேட்டால் ஒப்பந்ததாரர். தோண்டிய சாலையில் நடும் பலகையில் மட்டும் வேலையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். யாரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்பது இருக்காது.

"இப்போதான் எல்லாம் ஆன்லைன் டெண்டராச்சே" என்பார்கள். தெளிவில்லாத தாளை ஸ்கேன் செய்து ஏற்றினால் தெளிவில்லாத பி.டி.எஃப். கிடைக்கும், அவ்வளவுதான்.

மறுபடியும் ராயபுரத்துக்கே வருகிறேன், ஏனென்றால் சொல்லில் ஒன்றுமில்லை என்கிறவர்களிடம் அந்தத் தொழிலாளர்களின் கேள்விக்குப் பதில் இல்லை. அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரு சொல் பட்டியல், தமிழில், டெண்டர் விதிகளின் இணைப்பாகவே வர வேண்டும். முதன்மை வேலையளிப்பவர் யார், தொழிலாளியின் பணிக்காலம் எந்தத் தேதியில் இருந்து, ஒப்பந்ததாரர் மாறினால் அது தொடருமா, விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு என்பது ஒவ்வொரு ஆவணத்தின் முதல் பக்கத்திலும் அந்தச் சொற்களிலேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத டெண்டரைத் திறக்கக் கூடாது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டில் குப்பை அள்ளுகிறவரின் முதன்மை வேலையளிப்பவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய்தான் கட்டணம்.