ஏற ஒரு படி வேண்டும்



நாய்க்கு நீச்சல் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் மக்களிடையே வழிவழியாக வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பாதி மெய். மற்றப் பாதி பொய். நீரில் விழுந்தவுடன் பெரும்பாலான நாய்கள் நான்கு கால்களையும் அடித்து மிதந்துவிடுகின்றன, இது மெய். ஆகவே நாய் நீரில் விழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவு கட்டுகிறோமே, அதுதான் பொய். நீந்தத் தெரிந்த நாயும், ஏற இடம் காணாமல் சுற்றிச் சுற்றி வந்து, கால் ஓய்ந்து, மூக்கு மூழ்கி இறந்துபோகிறது. நீந்துவது ஒன்று, கரையேறுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றென எண்ணி நாம் வாளா இருந்துவிடுகிறோம்.

"கொல்லைப்புறத்தில் நீச்சற்குளம் கட்டிக்கொண்டு நாய் வளர்ப்பவர்களுக்கு அல்லவா இந்தக் கவலை? மாட்டுங்காவில் ஓர் அறையில் நால்வராய்ப் படுத்துறங்கும் மாணவனுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் நகைக்கலாம். மும்பையில் கொல்லைப்புறம் என்பதே அரிது. அதில் நீச்சற்குளம் அதனினும் அரிது. ஆயினும் சற்றே சுற்றிப் பாருங்கள். செம்பூரில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு எழுப்பும் உயர்ந்த மாளிகைகளிலே நீச்சற்குளம் வைப்பது வழக்கமாகிவிட்டது. சனி ஞாயிறுகளில் லோணாவளாவுக்கும் கர்ஜத்துக்கும் அலிபாகுக்கும் சென்று, குளத்தோடு கூடிய பங்களாவை வாடகைக்கு எடுத்து, வளர்ப்பு நாயையும் உடன் கொண்டுபோகும் குடும்பங்கள் பல. நம் தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. இவை ஒரு புறம்.

மறுபுறம் பாருங்கள். இந்நகரில் மாநகராட்சிக் குழாயில் நீர் வருவது பெரும்பாலான பகுதிகளில் நாளுக்குச் சில மணி நேரமே. ஆகையால் கட்டடம்தோறும் நிலத்துக்கடியில் ஒரு தொட்டி கட்டி, வரும் நீரை அதில் தேக்கி, பிறகு மாடிக்கு ஏற்றுகிறோம். அந்தத் தொட்டியின் வாயை மூடும் தகடு துருப்பிடித்தோ, களவுபோயோ, துப்புரவுக்குத் திறந்தபின் மூடப்படாமலோ கிடப்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. புதிய கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளங்கள் ஆனி ஆடி மழையில் குளங்களாகிவிடுகின்றன. பாதாளச் சாக்கடையின் மூடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செல்வர் வீட்டு நீச்சற்குளத்துக்கும் சால் வாசல் தொட்டிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் சுவர் செங்குத்து. நீர் மட்டம் விளிம்புக்குக் கீழே. விழுந்த உயிர் தானாக ஏறிவர வழியில்லை. நீச்சற்குளத்தில் ஏணி உண்டே என்பீர்கள். அந்த இரும்பு ஏணி மனிதனின் கைக்கும் காலுக்கும் செய்தது. நாயின் பாதத்துக்குச் செய்ததன்று.

இங்கே நான் பயிலும் துறையிலிருந்து ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன். நாம் நீர் விளிம்பைப் பற்றி, கைகளை ஊன்றி, உடலை மேலே இழுத்துக்கொள்கிறோம். நம் கையை மார்புக்கூட்டோடு பிணைத்து நிறுத்துவது காறையெலும்பு. நாய்க்கு அவ்வெலும்பு செயல்படும் அளவில் இல்லை. அதன் முன்னங்கால்கள் தசைகளால் மட்டுமே உடலோடு தைக்கப்பட்டவை போல இணைந்திருக்கின்றன. ஓடுவதற்கு அது மிகச் சிறந்த அமைப்பு. ஒவ்வொரு பாய்ச்சலிலும் தோள் தாராளமாக முன்னும் பின்னும் போய்வரும். ஆனால் செங்குத்துச் சுவரைப் பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ள அவ்வமைப்பு உதவாது. பற்றிக்கொள்ள விரல்களும் இல்லை. நகமோ பளபளக்கும் ஓட்டில் வழுக்கும். தரையில் உந்தி எழுவது போல் எழலாம் என்றால், பின்னங்காலின் கீழே தரை இல்லை, நீர்தான் உண்டு. ஆகவே நாயின் வீரமும் அறிவும் அங்கே பயன்படுவதில்லை. அது பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஏற முயலும்; மறுகோடியில் படி இருந்தாலும், முன்பே பழக்கியிராவிட்டால் அதைத் தேடிப் போகாது.

எல்லா நாயும் ஒன்றுபோல் நீந்துவதுமில்லை. 2003ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிவந்த சப்பை மூக்கு நாயை நாடு முழுவதும் விரும்பிற்று. பக் என்னும் அவ்வினத்தை இன்றும் செம்பூர்த் தெருக்களில் மாலையில் காணலாம். அதன் மூச்சுக்குழல் வழி குறுகியது. மூக்கு நீட்டமாக இல்லாமையால், மூச்சு விட முகத்தை மிகவும் உயர்த்தியாக வேண்டும். முகத்தை உயர்த்தினால் பின்னுடல் தாழும். தாழ்ந்தால் நீந்த முடியாது. குட்டைக் கால் நாய்கள், முதுமை அடைந்தவை, கண் மங்கியவை, குட்டிகள் ஆகியவற்றின் நிலையும் அதுவே. இத்தகைய நாயை "எல்லாம் தானே நீந்தும்" என்று விளையாட்டாகக் குளத்தில் எறிவோர் கொடுமை செய்கிறார்கள். அதை அவர்கள் அறிவதில்லை.

நம் முன்னோர் இந்த உண்மையை எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்கவில்லை. ஆயினும் அவர்கள் வெட்டிய கோயிற்குளங்களைப் பாருங்கள். நாற்புறமும் படிகள் இறங்கும். நீர் நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் ஏதேனும் ஒரு படி நீர்மட்டத்தில் இருந்தே தீரும். மனிதன் நீராடக் கட்டிய படிதான். ஆனால் ஆடும் நாயும் தவறி விழுந்தால் அதே படி அவற்றைக் கரை சேர்த்தது. முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் நூல்கள் எண்ணியவற்றுள் விலங்கிற்கு உணவு அளித்தலும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கல் நாட்டும் ஆவுரிஞ்சுதறியும் இடம் பெற்றுள்ளன. மாட்டின் முதுகில் தினவெடுத்தால் அதற்கும் ஒரு கல் வேண்டும் என்று நினைத்த மக்கள் நாம். இன்று இருபது மாடிக் கட்டடத்தின் வரைபடத்தில் ஒரு சாய்தளம் வரைய நமக்கு நினைவு வருவதில்லை. அக்காலம் முழுதும் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர்ப்பக்கத்துப் பாசனக் கிணறுகள் பல கைப்பிடிச் சுவரே இல்லாதவை. அவற்றில் விழுந்த கால்நடைகளுக்குக் கணக்கில்லை. நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதை விடுவதே நம் கடன்.

சென்ற மழைக்காலத்தில் செம்பூரில் கட்டட வேலை நடந்த ஓரிடத்தில், நீர் நிறைந்த பள்ளத்தில் ஒரு தெருநாய் விழுந்து தத்தளித்தது. கூடி நின்றவர்கள் கயிறு எறிந்தார்கள். கயிற்றை நாய் எதனால் பிடிக்கும்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பதாண்டாக இங்கே உழைக்கும் முதிய கொத்தனார் ஒருவர், சாரப் பலகை ஒன்றைக் கொணர்ந்து, அதன்மேல் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டி, சரிவாக நீருக்குள் இறக்கினார். நாய் இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை நகம் பதித்து ஏறி, உடம்பை உதறிக்கொண்டு ஓடிற்று. "தம்பி, அதுக்கு நீந்தத் தெரியும், ஏறுறதுக்குத்தான் நாம வழி பண்ணணும்" என்றார் அவர். நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. புணே மாவட்டத்து ஜுன்னர்ப் பக்கம் சிறுத்தைகள் விவசாயக் கிணறுகளில் விழும்போதும் இதே முறைதான்: ஏணியையோ கட்டிலையோ கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். சிறுத்தைக்கே படி வேண்டியிருக்கிறது என்றால் நாய்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

"மனிதர்க்கே இடமில்லாத ஊரில் நாயைப் பற்றிப் பேசுகிறாயே; தாராவியில் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருப்பவளின் கவலை பெரிதா, குளத்தில் விழும் நாயின் கவலை பெரிதா?" இப்படி ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். அதற்கு என் விடை இது. திறந்து கிடக்கும் தொட்டிக்கு நாய் என்றும் பிள்ளை என்றும் வேற்றுமை தெரியாது. 2024 மார்ச்சில் நமக்கு அருகிலுள்ள வடாலாவில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் சரியாக மூடப்படாத நீர்த்தொட்டியில் விழுந்து, ஐந்து வயதையும் தாண்டாத உடன்பிறந்தார் இருவர் மாண்டனர். மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017 ஆகஸ்டு 29ஆம் நாள் பெருமழையில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் திறந்திருந்த பாதாளச் சாக்கடையில் விழுந்து உயிரிழந்ததை இந்நகரம் மறக்கவில்லை. நாய்க்காக இடும் மூடி பிள்ளையையும் காக்கும். பிள்ளைக்காக இடும் வேலி நாயையும் காக்கும். ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சற்குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி வேண்டும். குழந்தைகளை நினைத்துச் செய்த சட்டம் அது. அதன் நிழலில் நாய்களும் பிழைக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் ஒரு நாய் இறந்து கிடந்தால், அந்த நீர்தானே குழாய் வழியே நம் சமையலறைக்கு வருகிறது? 2025இல் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைகளையொட்டி நாடெங்கும் வாதம் மூண்டது. நம் விடுதிகளிலும் இரு கட்சியாகப் பிரிந்து பேசினோம். எக்கட்சியினராயினும், தெருநாய்ச் சிக்கலுக்குத் திறந்த தொட்டி தீர்வு என்று எவரும் சொல்லமாட்டார்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. அதில் தமிழர்க்குப் பெருமையும் உண்டு. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்கு வதையைத் தடுக்கத் தனி உறுப்பினராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியபின் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக விளைந்ததே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதன் நலத்தைப் பேணவும் தேவையற்ற துன்பம் நேராமல் தடுக்கவும் தக்க முயற்சிகள் செய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம். வேலியில்லாத குளத்தருகே நாயை விட்டுவிட்டு உறங்கப் போவது தக்க முயற்சி ஆகுமா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. குளமுள்ள வீட்டுக்கு நாயோடு செல்வோர், சென்ற முதல் மணி நேரத்திலேயே படி இருக்கும் இடத்தை நாய்க்குக் காட்டி, உடன் இறங்கி, அவ்வழியாகவே பல முறை ஏறப் பழக்க வேண்டும். படி இல்லையேல் கோணி சுற்றிய பலகை ஒன்றைச் சரிவாகக் கட்டிவைக்கலாம். குளத்தின்மேல் விரித்த தார்ப்பாய் காவலன்று. நாய் அதைத் தரையென நினைத்து நடக்கும், பாயோடு மூழ்கும். தொட்டியின் மூடிக்குப் பூட்டும், மூடிக்குக் கீழே ஓர் இரும்பு வலையும் வேண்டும். பாதாளச் சாக்கடைகளுக்கு மாநகராட்சி அத்தகைய வலைகளைப் பொருத்தி வருகிறது. நம் கட்டடத் தொட்டிக்கு நாமே பொருத்தலாம்.

நாய் மூடிய தொட்டிக்குள் விழுந்துவிட்டால் இரக்க மிகுதியால் நாமும் உள்ளே குதிக்கலாகாது. 2025 மார்ச்சில் நாக்பாடாவில், கட்டிவந்த கட்டடம் ஒன்றின் நிலத்தடித் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளர் நால்வர் மூச்சுத் திணறி மாண்டனர். 101ஐ அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழைப்பதே முறை. வெளியே எடுத்த நாய் மூச்சு விடவில்லையானால், அதைப் பக்கவாட்டில் கிடத்தி, வாயிலுள்ள நீரும் சேறும் அகற்றி, மார்பின் அகன்ற பகுதியை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்குப் பின் வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியே இரு முறை ஊத வேண்டும். மீண்டும் 30, மீண்டும் இரண்டு. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவது தீங்கு. பிழைத்தெழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நீர் புகுந்த நுரையீரல் பல மணி நேரம் கழித்தும் வீங்கும். 1874இல் தோன்றிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் மருத்துவமனை பரேலில் இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து எட்டும் தொலைவுதான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நன்று. வரும் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குவோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவரவர் வாழும் கட்டடத்தின் தொட்டிகளைப் பார்ப்போம். மூடி இல்லாதவற்றைக் குறித்துக்கொண்டு, சொசைட்டிச் செயலாளரிடம் எழுத்தில் தருவோம். கேளாதவிடத்து வார்டு அலுவலகத்துக்கு எழுதுவோம். தமிழும் மராட்டியும் இந்தியும் அறிந்த நமக்கு இது பெரிய காரியமன்று. செலவு ஒரு பேனா. பயன் ஓர் உயிரோ பல உயிரோ.

பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம் தந்தையர்க்கு யாரோ ஒருவர் ஏறிவர ஒரு பலகை இறக்கியதால்தான் நாம் இன்று இங்கே படிக்கிறோம். வாயில்லா உயிருக்கும் அவ்வளவு செய்வது நமக்கு அழகு.