ஒட்டகத்தைக் கட்டுவோம்: பனிமலைப் பயணமும் தவக்குலும்

பனிமலையில் விபத்து நேர்ந்த செய்தி வரும்போதெல்லாம், "அல்லாஹ்வின் நாட்டம், யாரால் தடுக்க முடியும்?" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். இறைவனின் நாட்டத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம் கவனக்குறைவுக்குப் போர்வையாக்கலாமா?

காஷ்மீரின் குல்மர்க்கை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கோண்டோலா, பயணிகளை அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்திற்குக் கொண்டுசேர்க்கிறது. பனிச்சறுக்கில் ஆர்வமுள்ளோர் பலர் அங்கிருந்து, கண்காணிக்கப்படும் தடங்களை விட்டு விலகி, யாரும் மிதிக்காத பனியைத் தேடிச் செல்கின்றனர். அங்கு 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் உயிரிழந்தனர்.

பனிச்சரிவு காரணமின்றி விழும் இடியன்று. மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் சர்க்கரைபோல் உதிரும் நலிந்த அடுக்கு இருக்கலாம்; அதன்மேல், காற்று கொண்டுவந்து இறுக்கிய பனி பலகைபோல் கிடக்கலாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் கால்வைத்தால், அவருடைய எடையே அடியடுக்கை நொறுக்கப் போதும். பலகை முழுவதும் பெயர்ந்து கீழே பாயும். உயிரைப் பறிக்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றை, அதில் சிக்கியவரோ உடன் சென்றவரோதான் தூண்டிவிடுகின்றனர்.

மலை முன்னறிவிப்பும் தருகிறது. புதிதாகக் கொட்டிய பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம், அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவு, காலடியில் கேட்கும் 'வும்' என்ற ஓசை, பனியில் ஓடும் விரிசல் ஆகிய ஒவ்வொன்றும் திரும்பிப் போகச் சொல்லும் அழைப்பே. ஐந்து நிலை எச்சரிக்கையில் மூன்றாம் நிலையை 'நடுத்தரம்தானே' என்று எண்ணிச் சென்று மாண்டவர் பலர்.

புதையுண்டவருக்கு முதல் 15 நிமிடங்களே பெரும் வாய்ப்பு. மீட்புப் படை பெரும்பாலும் அதற்குள் வந்துசேராது. உடன் வந்தவரிடம் சமிக்ஞைக் கருவியும், துழாவும் கோலும், மண்வெட்டியும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் இருந்தாக வேண்டும். எனினும், கருவி எந்தச் சரிவையும் பாதுகாப்பானதாக்கிவிடாது.

ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவனை நம்பலாமா எனக் கேட்டவருக்கு நபிகளார் (ஸல்) கூறிய அறிவுரையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பனிமலையில் ஒட்டகத்தைக் கட்டுவது எது? எச்சரிக்கையை வாசிப்பதும், உள்ளூர் வழிகாட்டிக்குச் செவிசாய்ப்பதும், செலவழித்த பணத்தையும் நண்பர்களின் கேலியையும் பொருட்படுத்தாமல் திரும்பி வருவதும்தான்.

பெற்றோரே! மலைக்குச் செல்லும் பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள். அத்துடன், "இன்றைய எச்சரிக்கை எந்த நிலையில் இருக்கிறது?" என்றும் கேளுங்கள். விடை தெரியாத பிள்ளை அன்று தடத்தை விட்டு விலகக் கூடாது.