ராக்கெட்டுக்கு ஒரு மரச்சட்டம்

தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நேத்து மாட்டுக்கொட்டகைப் பரண்ல கிடந்த ராக்கெட் ஸ்டாண்டை இறக்கித் தொடச்சு வெயில்ல வெச்சேன். தெருவுல போனவங்க "என்னப்பா, ஏவுதளம் ரெடியா?"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. சிரிக்கட்டும். அது எதுக்கு வந்துச்சுன்னு ஊருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லணும்.

மூணு வருசம் முன்னாடி தீபாவளிக்குச் சென்னையில இருந்து தம்பி குடும்பம் வந்திருந்துச்சு. ராத்திரி களத்துல காலி பாட்டில்ல ராக்கெட்டைச் சொருகி வெச்சுக் குடுத்தது நான். பத்த வெச்சது தம்பி பையன். களம் மேடும் பள்ளமுமா கிடந்துச்சு. ராக்கெட் கிளம்புற நேரம் பாட்டில் சாஞ்சிடுச்சு. படுத்தவாக்குல பறந்து, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோட வைக்கோல்போர்ல போய்ச் சொருகிக்கிச்சு.

வைக்கோல்போர் நெருப்பு பொல்லாதது. மேல அணைஞ்ச மாதிரி தெரியும், உள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும். விடிய விடியப் பிரிச்சுப் போட்டுத் தண்ணி ஊத்தினோம். கால்வாசிதான் மிஞ்சிச்சு.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு அது வெறும் காஞ்ச புல்லாத் தெரியலாம். குறுவை அறுத்துப் போட்ட அந்தப் போர்தான் தை மாசம் சம்பா அறுக்குற வரைக்கும் மாடுகளுக்குச் சோறு. என் போர்ல பாதியைக் குடுத்தேன், பத்தல. சித்தப்பா ஒரு மாட்டை வித்தார். "சின்னப் பய வெடிச்சதுதானடா, விடு"ன்னார். திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அடுத்த வருசம் கொட்டகை பிரிச்சதுல மிஞ்சின வேப்ப ரீப்பரை வெச்சு ஸ்டாண்டு செஞ்சேன். அகலமான அடிக்கட்டை, ரெண்டு கால், நடுவுல மேலயும் கீழயுமா ஒரு சாண் இடைவெளியில ரெண்டு குறுக்குச் சட்டம். ரெண்டுலயும் நேருக்கு நேர் ஓட்டை. குச்சி உரசாம நழுவணும். இறுகிச்சுன்னா ராக்கெட் அங்கயே நின்னு வெடிச்சுடும்.

முதல் தடவை தப்பு பண்ணேன். மருந்துக்குழல் சட்டத்து மேலயே உக்காந்துக்கிச்சு. நெருப்பு வர்ற வாய் அடைபட்டு, ராக்கெட் தென்னை உயரம்கூடப் போகல. சட்டமும் கருகிப் போச்சு. இப்போ குச்சிக்கு அடியில செங்கல் குடுத்து, குழல் சட்டத்துக்கு நாலு விரக்கடை மேல நிக்கிற மாதிரி வைக்கிறேன். அடிக்கட்டை மேல ரெண்டு மணல் மூட்டை. ஓட்டை மூணு இருக்கு, அது மூணு அளவுக் குச்சிக்காக. மூணையும் ஒண்ணாச் சொருகினா ஒண்ணோட பொறி அடுத்த திரியில பத்திக்கும். ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

இதைச் சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழுது. "பட்டாசையே நிறுத்தணும், நீங்க ஸ்டாண்டு செஞ்சு ஊக்கப்படுத்துறீங்களே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். "நம்ம பண்டிகைக்கு எதுக்கு இத்தனை கட்டுப்பாடு"ன்னு இன்னொருத்தர். 2018ல உச்ச நீதிமன்றம் ரெண்டு மணி நேரம்தான்னு சொல்லி, தமிழ்நாட்டுல காலையில 6-7, ராத்திரி 7-8ன்னு அரசு நேரம் குறிச்சுது. எங்க தெருவுல அதை வந்து பாக்க ஆள் கிடையாது. நான் வேண்டாம்னா பசங்க விடப்போறதும் இல்ல, கொல்லைப் பக்கம் பாட்டிலைத் தூக்கிட்டுப் போவாங்க. மறைவுல நடக்குறதை விட என் கண்ணு முன்னாடி, வைக்கோல் இல்லாத பக்கமா நடக்கட்டும்னுதான் இந்த ஏற்பாடு. என் கணக்குல இது ஊக்கம் இல்ல, காவல்.

ஸ்டாண்டு இருந்தா எல்லாம் சரின்னும் நான் சொல்லல. ராக்கெட் காத்தை எதிர்த்துத் திரும்பும். அதனால காத்து பலமா அடிச்சா அன்னைக்கு ராக்கெட்டே கிடையாது. பத்தாததைக் குனிஞ்சு பாக்கக் கூடாது, தள்ளி நின்னு தண்ணிய ஊத்திடணும்.

பாட்டிலால இன்னொரு தொல்லையும் உண்டு. உடைஞ்ச சில்லு வாய்க்கால் வழியா வயலுக்கு வந்துடும். நடவுக்கு இறங்குறவங்க யாரும் செருப்பு போட்டுக்கிட்டு இறங்குறதில்ல.

சித்தப்பா இந்த வருசமும் அதே இடத்துலதான் போர் போட்டிருக்கார். தள்ளிப் போடச் சொன்னேன். "அதான் நீ ஸ்டாண்டு வெச்சிருக்கியே"ன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பயம் கூடிப்போச்சு. தண்ணிக்கு ரெண்டு டிரம் கூடுதலா எடுத்து வெச்சிருக்கேன்.

ஊருக்கு வர்றவங்க பட்டாசுப் பெட்டியோட வாங்க, வேண்டாம்கல. பத்த வைக்கிறதுக்கு முன்னாடி யாரோட வைக்கோல் எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அது போதும்.