துணியைப் போட்டு மூடிவிட்டுக் கேளுங்கள்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு மாடியில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்கிறேன். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பெட்டிகளின் உட்புறத்தை, வாங்கியவர்களைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன். மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது முன்பக்க அலுமினியப் பலகை. விரல் தடிமனுக்குக் கடைந்திருப்பார்கள். அடுத்து, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு வட்ட டிரான்ஸ்ஃபார்மர். இருபுறமும் ஹீட் சிங்க். பாட்டுக்காக நிஜமாகவே உழைக்கிற போர்டு பல பெட்டிகளில் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டால் கீழே கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டுகிறேன். (டூப்ளிகேட் இல்லாமல் வாங்குவதுதான் பெரும்பாடு.)

‘இந்த விலைக்கு இது தகுமா?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஸ்பீக்கருக்கு ஓரளவு தகும், ஆம்ப்புக்கு, அறைக்குத் தேவையான பவர் வந்துவிட்ட பிறகு தகாது, ஒயருக்குத் தகவே தகாது. ஈ.பி. கம்பத்திலிருந்து சுவர் பிளக் வரைக்கும் சாதாரண ஒயரில் வந்த கரன்ட், கடைசி ஒன்றரை மீட்டரில் ஐம்பதாயிரம் ரூபாய் கேபிளைக் கண்டதும் திருந்திவிடாது.

2010-இல் லெக்சிகன் நிறுவனத்தின் பிடி-30 என்ற ப்ளூ-ரே பிளேயர் 3,500 டாலருக்கு விற்றது. அமெரிக்காவில் சிலர் மூடியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது 500 டாலருக்குக் கிடைத்த ஓப்போ பிடிபி-83. போர்டை மட்டும் எடுத்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை; அதன் அடிச்சட்டத்தையும் கழற்றாமல் அப்படியே தூக்கிப் புதுக் கூட்டுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். மூவாயிரம் டாலர் கூட்டுக்கு!

லெக்சிகன் அப்போது ஹார்மன் குழுமத்தில் இருந்தது. அதே ஹார்மனில்தான் 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் தங்கள் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து, ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படியும் ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்கச் சொன்னார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்கள் மதிப்பெண்ணை அள்ளின. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. சின்ன, மலிவான செட் அவற்றோடு போட்டி போட்டது. ஆக, கண் காதை ஏமாற்றும் என்பது விற்கிறவர்களுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

எல்பி ரெக்கார்டு பிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனியின் 125 டாலர் தட்டுகளை, டிஜிட்டல் தொடாத சுத்தமான அனலாக் என்று நம்பிக் கொண்டாடியவர்கள் பலர். 2011 முதலே அந்தக் கம்பெனியின் தட்டுகளில் பலவற்றைத் தயாரிக்கும்போது நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது என்பது 2022-இல் வெளியே வந்தது. அதுவரை எந்தத் தங்கக் காதும் அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கு வந்தது, பணம் திருப்பிக் கொடுத்தார்கள். தட்டுகள் நன்றாகத்தான் ஒலித்தன. நாசமானது அந்த ‘அனலாக் சுகம்’ என்ற பேச்சு.

ஷோரூமுக்குப் போகிறவர்கள் பையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டு போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு ஆம்ப்பில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் வரும்படி வால்யூமைத் திருப்பி வைத்துவிட்டு, பெட்டிகள் மேல் ஒரு துணியைப் போடச் சொல்லுங்கள். ஒரு கடையில் இதைக் கேட்டதற்கு, ‘சார், இதையெல்லாம் மனசால கேக்கணும்’ என்றார் விற்பனையாளர். பில் மட்டும் ரூபாயில்தான் போடுவார்.

பணத்தை எங்கேதான் போடுவது? நம் வீட்டு ஹாலில் தரை டைல்ஸ், ஜன்னல் கண்ணாடி, சுவர் மொட்டை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘கிண்’ என்று வால் பிடித்துக்கொண்டு எதிரொலி வந்தால், பத்து லட்சம் ரூபாய் ஸ்பீக்கரும் அந்தக் கிண்ணோடுதான் பாடும். கனமான திரைச்சீலை, தரை விரிப்பு, புத்தகங்கள் திணித்த ஒரு அலமாரி: இந்தச் செலவு கொடுக்கும் மாற்றத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். மிச்சத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு. அதிலும் ஃபோம் விளிம்பு வைத்த வூஃபர் என்றால் யோசியுங்கள். சென்னைக் காற்றில் அது சில வருடங்களில் உதிரும், ரப்பர் விளிம்பு தாங்கும்.

வால்யூம் நாப் வெண்ணெய் போலத் திரும்புகிற சுகத்துக்காகவே விலை கூடிய ஆம்ப் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்குகிற அன்றே சர்வீஸ் மேனுவல் தருவார்களா, ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை வருடம் கிடைக்கும் என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்யூட் படம் இல்லாமல் வரும் பெட்டிக்கு நான் வாங்கும் கூலி கொஞ்சம் கூடுதல்.