நடுவில் ரயிலில் ஏறினால் அது சைக்கிள் பயணம் இல்லையா?



ஜேர்மனியில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது பாடசாலைக்கும் வந்திருந்தார். ஒரு கோடையில் மனைவி, பன்னிரண்டு வயது மகன், அறுபது தாண்டிய மாமி எல்லோருமாக எட்டு நாளில் அல்ப்ஸ் மலையை சைக்கிளில் கடந்த கதையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொன்னார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அடுத்த நாள் ஊரில் கதை வேறு மாதிரி. "நடுவில ரயில்ல ஏறினவராம். மாமிட சைக்கிள் பெற்றரியாம். இதுக்குப் பேர் மலை கடந்ததா?" தேநீர்க்கடையிலும் இதே சிரிப்பு, பள்ளிவாசல் வாசலிலும் இதே சிரிப்பு. மறைப்பானேன், எங்கள் ஆசிரியர் அறையிலும் சிரித்தோம்.

பிறகு அவர் காட்டிய வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். சிரித்தது பிழை என்று இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் போனது அல்பே அத்ரியா என்ற சைக்கிள் பாதை. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் தொடங்கி, இத்தாலியின் கிராடோ என்ற கடற்கரை ஊரில் முடிகிறது. 400 கிலோமீற்றருக்குச் சற்று மேல். சால்சாக் ஆற்றோரமாக ஏறி, காஸ்டைன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, பொக்ஸ்டைன் என்ற இடத்துக்கு வந்தால் முன்னால் மலைதான். அங்கிருந்து மலையைக் கடக்கத் தார் வீதி கிடையாது. 1909இல் திறந்த ரயில் சுரங்கம் ஒன்று மலையைத் துளைத்துக்கொண்டு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் போகிறது. காரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ரயில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மறுபக்கம் மால்னிட்ஸில் இறக்கிவிடும். பாதையின் வழிகாட்டிப் பலகையே அந்த நிலையத்துக்குத்தான் காட்டுகிறது. ஆக, ரயிலில் ஏறியவர் பாதையை விட்டு விலகவில்லை, பாதை சொன்னபடி போயிருக்கிறார்.

வீதியாலேயே கடக்க வேண்டுமென்றால் குறொஸ்குளொக்னர் மலைவீதிக்குச் சுற்றிப் போகலாம். அதன் கணவாய் 2,504 மீற்றர். எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பாராட்டு. ஆனால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போன மனிதரை அந்தத் தராசில் ஏன் நிறுக்கிறோம்?

பெற்றரி சைக்கிளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது மோட்டார் சைக்கிள் இல்லை. ஐரோப்பியச் சட்டப்படி அதன் மோட்டார் 250 வாற்றுக்கு மேல் போகக் கூடாது, பெடலை மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீற்றர் வந்தவுடன் உதவி நின்றுவிடும். மாமி எட்டு நாளும் மிதித்துத்தான் போயிருக்கிறார்.

எங்களுக்கு இந்தச் சிரிப்பு ஏன் சங்கடமாகப் படுகிறது தெரியுமா? சலுகையை எடுப்பவர் குறைந்தவர் என்ற நினைப்பு எங்கள் மார்க்கத்தில் இல்லை. பயணி நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குகிறார், லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுகிறார். அவருடைய தொழுகை அரைத் தொழுகை என்று யாராவது சொல்வோமா? அந்தக் குடும்பமும் வழியில் அப்படித்தான் தொழுதிருக்கிறது, ஆற்றங்கரைப் புல்லில் முஸல்லா விரித்து. ஜூன் கடைசியில் அங்கே மஃரிப் இரவு 9 மணிக்குப் பிறகுதான். இஷா நள்ளிரவை நெருங்கிவிடும். நாள் முழுக்க மிதித்தவருக்கு ஜம்உ எவ்வளவு பெரிய நிஃமத் என்று அவர் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

இத்தாலிப் பக்கம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. தார்விசியோவுக்குப் பிறகு சைக்கிள் ஓடுவது பழைய ரயில் பாதையின் மேல். 1879இல் ஊதினேயிலிருந்து பொந்தெப்பா வரை போட்ட தண்டவாளம் அந்தப் பள்ளத்தாக்கில் ஓடியது. புதிய பாதை பெரும்பாலும் சுரங்கத்துக்குள் போனதும் பழையதைக் கைவிட்டார்கள், பிறகு தார் போட்டு சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் அந்தக் காலப் பொறியியலாளர்கள் சரிவை மெதுவாக வைத்தார்கள். அந்த மெதுவான சரிவில்தான் இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயது மாமியும் போகிறார்கள். பழைய இரும்புப் பாலங்களும் சுரங்கங்களும் அப்படியே இருக்கின்றன. கியுசாபோர்த்தே என்ற ஊரின் பழைய நிலையத்தில் கோப்பி குடிக்கலாம்.

அதற்குக் கீழே வென்சோனே. 1976 நிலநடுக்கத்தில் இடிந்த ஊர். அதன் தேவாலயத்தின் கற்களைப் பொறுக்கி, இலக்கமிட்டு, அதே இடத்தில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். காரில் போயிருந்தால் அந்த ஊரைப் பார்த்தே இருக்கமாட்டோம் என்றார் மாணவர். சுனாமி பார்த்த ஊர்க்காரர் அவர். அந்தச் சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றதாகச் சொன்னார்.

ஊரில் சிரித்தவர்களுக்கு இன்னொன்று. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் எல்லோரும் சைக்கிளைத் துடைத்து எடுத்தோமே, அப்போது ஆசிரியைகள் சிலரும் சைக்கிளில் வந்தார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பவும் கொட்டிலுக்குப் போனது. பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு சைக்கிளை விடுவது பெரும்பாலும் இப்படியான சிரிப்புக்குப் பயந்துதான். அந்த மாமி ஹிஜாபோடு, தலைக்கவசம் போட்டு, கிராடோவின் கடல் ஏரிக்குக் குறுக்கே போகும் வீதியில் மிதித்து வரும் படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி எங்கள் மாணவிகள்தான் இரண்டு தடவை கேட்டார்கள்.

எங்கள் மாணவரிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். காஸ்டைன் பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான வீதிச் சுரங்கம். சைக்கிளுக்குத் தனி ஓரம் இருந்தாலும் பக்கத்தில் லொறிகள் இரையும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். கீழே ஷ்வார்சாக்கில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கேயும் ஏறியிருக்கலாமே தம்பி என்று கேட்டோம். "ஊரில சிரிப்பாங்க என்று நினைச்சன் சேர்" என்றார்.